ஐபிசிசி சொல்லும் ஒரு டிகிரியும் வேலூர் வெயிலும்

குடியாத்தம் பக்கத்து விவசாயி ஒருவர் கேட்டிருக்கிறார். சுருக்கித் தருகிறேன்: "உலகம் ஒரு டிகிரி சூடாகிவிட்டது என்று விஞ்ஞானிகள் பயமுறுத்துகிறார்கள். வேலூரில் என் தாத்தா காலத்திலேயே வெயில் மண்டையைப் பிளந்தது. பாலாற்றில் பெருவெள்ளம் 1903லேயே வந்திருக்கிறது. இதில் புதிதாக என்ன இருக்கிறது? இனி நம் பக்கம் மழை கூடுமா, குறையுமா? மூன்று ஏக்கர் நெல் நிலத்தைத் தென்னைக்கு மாற்றலாம் என்று நினைக்கிறேன். இதையெல்லாம் கணக்கில் எடுக்க வேண்டுமா?"

ஐயா, உங்களுக்கு உண்மையில் வேண்டியது கடைசி வரிக்கான பதில் என்று தெரிகிறது. ஆனால் முதல் வரியிலிருந்து வந்தால்தான் அங்கே போய்ச் சேர முடியும். கொஞ்சம் நீளும்.

முதலில் அந்த 'ஒரு டிகிரி'. நம் தினசரிகள் வெயிலை ஃபாரன்ஹீட்டில் போடுகின்றன. 'வேலூரில் வெயில் சதம்', '108 டிகிரி கொளுத்தியது' என்று படித்துப் பழகிய கண்ணுக்கு ஒரு டிகிரி தூசு. விஞ்ஞானிகள் சொல்வது செல்சியஸ். ஐபிசிசி என்கிற காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கு இடையிலான குழு தன் ஆறாவது மதிப்பீட்டில் சொன்ன கணக்கு இது: 1850–1900 காலத்தைவிட 2011–2020 பத்தாண்டில் உலகச் சராசரி 1.1 டிகிரி செல்சியஸ் கூடியிருக்கிறது. ஃபாரன்ஹீட்டில் கிட்டத்தட்ட இரண்டு. இதிலும் கடலைச் சேர்த்ததால்தான் இவ்வளவு குறைவு. நிலத்தை மட்டும் எடுத்தால் ஏறக்குறைய 1.6. மீன் கடலில், நாம் நிலத்தில். 2024ஆம் ஆண்டு மட்டும் தனியாக எடுத்தால் உலகச் சராசரியே ஒன்றரையைத் தாண்டிவிட்டது.

ஐபிசிசி என்றால் யாரோ நாலு பேர் அறையில் உட்கார்ந்து எழுதுவது என்று ஒரு நினைப்பு உண்டு. 1988ல் உலக வானிலை அமைப்பும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும் சேர்ந்து தொடங்கிய குழு அது. சொந்தமாக ஆராய்ச்சி செய்யாது; வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும். 2021ல் வந்த அறிவியல் பகுதிக்கு மட்டும் 234 பேர் எழுத்தாளர்கள், மேற்கோள் காட்டிய ஆய்வுகள் 14,000க்கு மேல். அவர்களுக்கு ஐபிசிசி சம்பளம் தருவதில்லை. சுருக்க அறிக்கையை உறுப்பு நாடுகளின் அரசுகள் வரிவரியாக உட்கார்ந்து ஒப்புக்கொள்ள வேண்டும். சவூதி அரேபியாவும் தீவு நாடுகளும் ஒரே வாக்கியத்துக்குத் தலையாட்டினால்தான் அது அச்சேறும் என்பதை நினைத்துப் பாருங்கள். அதனால் அந்த அறிக்கை மிகைப்படுத்துகிறது என்பதைவிட அடக்கி வாசிக்கிறது என்பதுதான் என் அபிப்பிராயம். தவறே செய்ததில்லையா என்றால், செய்திருக்கிறது. இமயமலைப் பனியாறுகள் 2035க்குள் மறைந்துவிடும் என்று 2007 அறிக்கையில் ஒரு வரி நுழைந்துவிட்டது. 2010ல் அது ஆதாரமற்றது என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

சரி, 43 டிகிரி அடிக்கிற ஊரில் ஒரு டிகிரி கூடினால் என்ன ஆகிவிடும்? ஏரி, உபரிநீர் வழியும் கலங்கல் மட்டத்துக்கு நாலு விரல் குறைவாக நிற்கிறது என்று வையுங்கள். சாதாரணக் காற்றுக்கு எழும் அலை எப்போதாவதுதான் கலங்கலைத் தாண்டும். தண்ணீர் இன்னும் மூன்று விரல் ஏறினால் அதே காற்று, அதே அலை, ஆனால் ஒவ்வொன்றும் வழிந்துகொண்டே இருக்கும். சராசரி கொஞ்சம் நகர்ந்தாலும் உச்சங்களின் எண்ணிக்கை பல மடங்காவது இப்படித்தான். ஐபிசிசி கணக்கில், மனிதத் தலையீடு இல்லாத காலத்தில் பத்து ஆண்டுக்கு ஒருமுறை வந்த கடும் வெப்பம் இப்போது 2.8 முறை வருகிறது. ஒன்றரை டிகிரியில் 4.1 முறை, இரண்டு டிகிரியில் 5.6 முறை. உங்கள் தாத்தா பார்த்த வெயிலும் நிஜம்தான். அவர் வாழ்நாளில் சில முறை பார்த்ததை உங்கள் பேரன் அடிக்கடி பார்ப்பான்.

இங்கே வேலூருக்கே உரிய ஒரு சங்கடம் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. இந்திய வானிலை ஆய்வு மையத்தின் விதிப்படி சமவெளியில் 'வெப்ப அலை' என்று அறிவிக்க, வெப்பம் 40ஐத் தொட வேண்டும். அத்தோடு அந்த ஊரின் இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். இல்லையென்றால் நேரடியாக 45ஐத் தொட வேண்டும். மே மாதத்தில் வேலூரின் இயல்பே 39, 40ஐ ஒட்டித்தான் இருக்கிறது. ஆக இங்கே 42.5 அடித்தாலும் புத்தகப்படி அது வெப்ப அலை இல்லை, வழக்கமான கத்திரி. கட்டட வேலையில் கம்பி கட்டுகிறவர், செங்கல் சூளையில் நிற்கிறவர், சிமெண்ட் ஷீட் கூரைக்குக் கீழே பீடி சுற்றுகிற அம்மா, இவர்களுடைய உடம்புக்கு இயல்பு, விலகல் எல்லாம் தெரியாது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது நல்ல காரியம். ஆனால் 'இயல்பே கொதிநிலையில் இருக்கும்' ஊர்களுக்குத் தனி அளவுகோல் வேண்டும் என்பது என் கட்சி.

பகலைவிட இரவைக் கவனியுங்கள். வேலூர்க்காரர்கள் தங்கள் ஊரைப் பற்றியே சொல்லிக்கொள்ளும் கிண்டல் உங்களுக்குத் தெரிந்ததுதான்: தண்ணீர் இல்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். (கடைசியை 1981ல் ஜலகண்டேஸ்வரரைத் திரும்பப் பிரதிஷ்டை செய்து தீர்த்துவிட்டார்கள், மற்ற மூன்றும் அப்படியேதான்.) இதில் முதல் இரண்டும் நல்ல வானிலைக் குறிப்புகள். பகல் முழுக்கச் சூட்டை வாங்கிய மொட்டைப் பாறை இரவெல்லாம் அதைக் கக்குகிறது. ஆற்றில் ஈரம் இல்லாததால் ஆவியாகிக் குளிர்விக்க எதுவும் இல்லை. சென்னைக்கு மதியமே வந்துவிடும் கடற்காற்று இங்கே வந்துசேரும்போது அதன் வேகம் போயிருக்கும். ஆகவே வேலூர் வெயிலில் ஒரு பங்கு உலகக் கணக்கு, ஒரு பங்கு நம் ஊரின் அமைப்பு, ஒரு பங்கு நாமே ஊற்றிய கான்கிரீட். எல்லாவற்றையும் காலநிலை மாற்றத்தின் தலையில் கட்டினால், நாம் செய்யக்கூடியது எது என்பதே தெரியாமல் போய்விடும்.

இரவுச் சூடு நெல்லுக்கு நேரடி நஷ்டம். பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல் கணக்குகளை வைத்து 2004ல் வந்த ஆய்வு ஒன்று, வறண்ட பருவப் பயிரில் இரவு வெப்பம் ஒரு டிகிரி கூடினால் மகசூல் பத்து சதவீதம் குறைவதைக் காட்டியது. பகலில் ஈட்டிய மாவுச்சத்தைப் பயிர் இரவில் மூச்சு விட்டே செலவழிப்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. பூக்கும் நேரத்தில் பகல் 35ஐத் தாண்டினால் பதர் கூடும் என்பது தனி. நவரைப் பட்ட நெல்லைத் தள்ளிப் போட்டு ஏப்ரலில் கதிர் வர விடுகிறவர்களுக்கும், கோடையில் சொர்ணவாரி நெல் போடுகிறவர்களுக்கும் இது ஆராய்ச்சிச் செய்தி அல்ல, களத்தில் தூற்றும்போது பார்ப்பதுதான்.

இன்னொன்று. புவி அறிவியல் அமைச்சகம் 2020ல் வெளியிட்ட இந்தியப் பகுதி மதிப்பீட்டின்படி 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பம் சுமார் 0.7 டிகிரிதான் ஏறியிருக்கிறது. உலக நிலப்பரப்பின் சராசரி ஏற்றத்தைவிட இது குறைவு. 'பார்த்தீர்களா, நமக்கு ஒன்றும் இல்லை' என்று இதை எடுத்துக்கொண்டு வாதாடுகிறவர்கள் உண்டு. காரணத்தைப் பார்த்தால் அந்த நிம்மதி நிலைக்காது. நம் வானத்தில் மிதக்கும் புகையும் தூசும் சூரிய ஒளியில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. வடக்கே கங்கைச் சமவெளியின் பாசன ஈரமும் கொஞ்சம் குளிர்விக்கிறது. புகை நுரையீரலுக்கு நஞ்சு என்பதால் என்றைக்காவது அதைக் குறைத்தே ஆக வேண்டும். குறைக்கும்போது மறைந்திருந்த சூடு வெளியே வரும். கரியமில வாயு நூற்றாண்டுக் கணக்கில் காற்றில் நிற்கும். புகை சில நாளில் மழையோடு இறங்கிவிடும்.

இப்போது மழைக்கு வருவோம். இங்கேதான் விஞ்ஞானத்தின் குரல் தணிகிறது, தணியவும் வேண்டும்.

உறுதியாகத் தெரிந்தது ஒன்று. காற்று ஒரு டிகிரி சூடானால் அதனால் ஏழு சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்க முடியும். இது கணினி மாதிரிகளின் ஊகம் அல்ல, இயற்பியல். எனவே பெய்யும்போது கொட்டித் தீர்க்கும் வாய்ப்பு கூடுகிறது. பத்தாண்டுக்கு ஒருமுறை வந்த பெருமழை இப்போது 1.3 முறை, இரண்டு டிகிரியில் 1.7 முறை என்கிறது ஐபிசிசி. வெப்பத்தின் 5.6ஓடு ஒப்பிட்டால் இது எவ்வளவு சிறியது என்று கவனியுங்கள். 'மழை தாறுமாறாகிவிட்டது' என்று பேசுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைச் சொல்வதில்லை.

1903 நவம்பரில் மேலே மைசூர் பக்கத்து ஏரிகள் உடைந்து வந்த வெள்ளம் வாணியம்பாடியை அடித்துச் சென்றது. 2021 நவம்பர் 19ஐ ஒட்டி வாலாஜா அணைக்கட்டில் வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் போனது. பாலாற்றைப் பார்த்து சிரித்துப் பழகிய ஒரு தலைமுறை அன்றைக்குத்தான் அது ஆறு என்பதைப் பார்த்தது. மோர்தானா அணை நிரம்பி கவுண்டன்ய ஆறு குடியாத்தத்துக்குள் வந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதே மழையில் பேர்ணாம்பட்டில் சுவர் இடிந்து வீட்டுக்குள் தூங்கிய ஒன்பது பேர் போனார்கள். இந்த வெள்ளத்தைக் காலநிலை மாற்றம்தான் கொண்டுவந்தது என்று நான் சொல்ல மாட்டேன். 1903ம் 2021ம் ஒரே வகைத் தாழ்வு மண்டலக் கதைகள்தானே என்று நீங்கள் கேட்பது நியாயம்.

ஒரு சம்பவத்துக்கும் புவி வெப்பத்துக்கும் உள்ள தொடர்பைக் கணக்கிட இப்போது தனித் துறையே இருக்கிறது. அது எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுவதில்லை. 2022 மார்ச், ஏப்ரலில் இந்தியாவையும் பாகிஸ்தானையும் வாட்டிய வெப்பம் மனிதரால் ஏறக்குறைய 30 மடங்கு சாத்தியமாகியிருக்கிறது என்று சொன்ன அதே வட்டத்து ஆய்வாளர்கள், 2015 டிசம்பர் சென்னை மழையை ஆராய்ந்து, அதில் புவி வெப்பத்தின் கைத்தடம் தெரியவில்லை என்று எழுதினார்கள். வங்கக் கடலின் மேற்குப் பகுதி அந்த அளவுக்குச் சூடாகவில்லை, புகைமூட்டம் எதிர்த்திசையில் இழுத்திருக்கலாம் என்றார்கள். தெரியாத இடத்தில் தெரியவில்லை என்று சொல்கிறவர்கள் தெரியும் என்று சொல்லும்போது எனக்கு நம்பிக்கை கூடுகிறது.

ஆண்டு மழை கூடுமா குறையுமா என்பதில் வேலூரின் நிலை மாநிலத்திலேயே சிக்கலானது. நாகப்பட்டினத்துக்கு வடகிழக்குப் பருவமழைதான் எல்லாம். நமக்கு அப்படியில்லை. ஆடி, ஆவணியில் மதியம் வரை சுட்டெரித்துவிட்டு, சாயங்காலம் மேற்கே கறுத்து, இடியோடு ஒரு மணி நேரம் கொட்டிவிட்டுப் போகுமே, அதுதான் நம் தென்மேற்குப் பங்கு. அதுவும் ஐப்பசி, கார்த்திகை மழையும் ஏறக்குறைய சரிபாதி. இரண்டு பருவமழையும் ஒரே தாளத்துக்கு ஆடுவதில்லை. பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டில் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் மெலியும், தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் வலுக்கும். 2015ல் வலுவான எல் நினோ, சென்னை மூழ்கியது. 2016ல் அது போனதும் வடகிழக்கு 60 சதவீதத்துக்கு மேல் பொய்த்து, 2017 ஜனவரியில் மாநிலமே வறட்சி என்று அறிவித்தார்கள். விதி பிடிபட்டுவிட்டது என்று நினைத்தால் 2021 வந்து கெடுக்கிறது: அது எல் நினோவுக்கு நேர்மாறான லா நினா ஆண்டு, விதிப்படி குறைய வேண்டும், பாலாறு கரைபுரண்டது.

எதிர்காலத்தைப் பற்றி ஐபிசிசி சொல்வது: இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் புகையால் மெலிந்த தென்மேற்குப் பருவமழை, இந்த நூற்றாண்டில் மெல்லக் கூடும், ஆண்டுக்கு ஆண்டு ஏற்ற இறக்கமும் கூடும். இது தெற்காசியா முழுவதற்குமான வாக்கு. கணினி மாதிரிகள் பூமியை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் கட்டங்களாகப் பார்க்கின்றன. அப்படி ஒரு கட்டத்துக்குள் வேலூர், சித்தூர், ஆரணி, ஜவ்வாதுமலை, ஏலகிரி எல்லாம் அடங்கிவிடும். 200 மீட்டர் உயரத்து வேலூருக்கும் 1,000 மீட்டரைத் தாண்டிய ஏலகிரிக்கும் அங்கே ஒரே உயரம். ஆக, '2050ல் குடியாத்தம் வட்டத்தில் இத்தனை சென்டிமீட்டர் மழை' என்று யாராவது தசம புள்ளி வரை எழுதிக் கொடுத்தால் மரியாதையாகக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

நிச்சயமில்லை என்றால் சும்மா இருக்கலாமா? இதற்கு நம் மாவட்டத்திலேயே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றில் கலப்பதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996ல் உச்ச நீதிமன்றம், மீளமுடியாத கேடு வரும் என்ற அச்சம் இருக்கும்போது விஞ்ஞானம் முழுதாக நிரூபிக்கட்டும் என்று காத்திருப்பது தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக் காரணமாகாது என்றது. ஐ.நா. மாநாடுகளில் பேசிய முன்னெச்சரிக்கைக் கொள்கை இந்தியச் சட்டத்தில் உட்கார்ந்தது ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தண்ணீரால்தான்.

பாலாறு வறண்டு கிடப்பதையும் கேள்வியில் தொட்டிருந்தால் சொல்லியிருப்பேன், கேட்காவிட்டாலும் ஒரு வரி: அதற்குக் காலநிலை மாற்றத்தைக் குற்றவாளி ஆக்க வேண்டாம். நந்தி மலையில் பிறந்து கர்நாடகம், ஆந்திரம் தாண்டி வருவதற்குள் எத்தனை ஏரி, எத்தனை தடுப்பணை, இங்கே எவ்வளவு மணல் போனது, எத்தனை ஆழ்துளைக் கிணறு. அது மனிதர்கள் சேர்ந்து செய்த வேலை.

2024 டிசம்பர் தொடக்கத்தை மட்டும் மறக்காதீர்கள். ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து நகராமல் நின்றது. கடலே இல்லாத ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர். திருவண்ணாமலையில் மலைச்சரிவு மண்ணில் ஏழு உயிர். 1989 வரை திருவண்ணாமலையும் வேலூரோடு சேர்ந்த வட ஆற்காடு மாவட்டம்தான். உள்மாவட்டம், மழை மறைவுப் பகுதி என்றெல்லாம் தைரியமாக இருக்க முடியாது. பெருமழை வரும்போது நம்மைக் காப்பது ஏரியும் வரத்துக் கால்வாயும்தான். அடைபட்ட கலங்கலும் வீட்டுமனையான நீர்ப்பிடிப்பும் இருந்தால் ஏரியே நமக்கு வினையாகும்.

இனித் தென்னை. உங்கள் கேள்வியில் மற்ற எல்லாவற்றையும்விட இதில்தான் காலநிலை நேரடியாக நுழைகிறது, ஏனென்றால் இன்றைக்கு வைக்கும் நெட்டைக் கன்று காய்க்கவே ஐந்தாறு வருஷம் ஆகும், அறுபது வருஷம் நிற்கும். ஐபிசிசி வரைபடங்களில் வரும் 2050, 2080 எல்லாவற்றையும் அந்த மரம் நேரில் பார்க்கும்.

கணக்கு போடுங்கள். 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 மரம், மூன்று ஏக்கருக்கு 210. காய்க்கும் மரத்துக்குச் சொட்டுநீரிலேயே கோடையில் நாளைக்கு 80 லிட்டர் என்று வைத்தால் தினம் ஏறக்குறைய 17,000 லிட்டர். நெல்லோடு ஒப்பிட்டால் இது குறைவுதான். ஒரு போக நெல் ஏக்கருக்கு 45, 50 லட்சம் லிட்டர் குடிக்கும். ஒரு ஏக்கர் தென்னை வருஷத்தில் 200 நாள் பாய்ச்சினாலும் 11, 12 லட்சம்தான். அதனால்தான் எல்லாரும் தென்னைக்குப் போகிறார்கள். ஆனால் மழை பொய்த்த வருஷம் நெல்லை நடாமல் நிலத்தைத் தரிசு போட முடியும். தென்னைக்கு அந்த வருஷமும் தண்ணீர் கொடுத்தே ஆக வேண்டும். 2016–17ல் தமிழ்நாட்டில் பல இடங்களில் கருகி நின்ற தோப்புகள் சராசரி மழையால் சாகவில்லை, ஒரே ஒரு மோசமான கோடையால் செத்தன. ஏற்ற இறக்கம் கூடும் என்று அறிக்கை சொல்வதற்கு உங்கள் நிலத்தில் அர்த்தம் இதுதான்.

எனவே மூன்று ஏக்கரையும் மாற்றாதீர்கள். உங்கள் கிணறோ போரோ, மிக மோசமான மே மாதத்தில் எத்தனை மரத்துக்குத் தண்ணீர் தருமோ அத்தனை மரம் மட்டும் வையுங்கள். அது ஒரு ஏக்கராகவும் இருக்கலாம். மரத்தடியில் மட்டையும் சோகையும் போட்டு மூடாக்கு, சொட்டுநீர், இரண்டும் முதல் நாளிலிருந்தே. மீதி நிலத்தில் தண்ணீர் இருந்தால் சம்பா, இல்லாவிட்டால் நிலக்கடலை, கேழ்வரகு என்று ஆண்டுக்கு ஆண்டு மாற்றிக்கொள்ளும் சுதந்திரத்தை வைத்துக்கொள்ளுங்கள். சொர்ணவாரியை நான் விட்டுவிடுவேன். போரை 1,000 அடிக்கு இறக்கினால் சரியாகிவிடும் என்று வண்டிக்காரர் சொல்வார். நம்முடையது கெட்டிப் பாறை. அந்த ஆழத்தில் விரிசல் கிடைத்தால் தண்ணீர், இல்லாவிட்டால் வெறும் புகை.

இந்தக் கோடையில் மோட்டார் தொடர்ந்து எத்தனை மணி நேரம் இறைக்கிறது, நின்றபின் திரும்ப ஊற எவ்வளவு நேரம் ஆகிறது என்று வாரம் ஒருமுறை குறித்து வையுங்கள். சித்திரை, வைகாசி இரண்டு மாதக் குறிப்பு கையில் இருந்தால் எத்தனை கன்று என்பது தெரிந்துவிடும். ஆடிப் பட்டத்துக்குள் நர்சரிக்குப் போகலாம்.